சாவா மூவாப் பேராடு

(கடிதம் எழுதியவர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஐயா,

வணக்கம். மேடவாக்கத்தில் இருக்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 16 வருடமாக வேலை. வயது 42. போன மாதம் அப்பாவின் வருஷ திதிக்காகக் கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் காரில் கிளம்பினோம். வழியில் கங்கைகொண்ட சோழபுரத்தில் நிறுத்தினோம். கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது பூ விற்ற அம்மா, "மாளிகைமேடு பாத்தீங்களா, ராஜா அரண்மனை இருந்த இடம்" என்றார். 2 கிலோமீட்டர்தானே என்று போனோம்.

பெரிதாக ஏதோ இருக்கும் என்று நினைத்துப் போனேன். அங்கே இருந்தது கூரை போட்ட ஒரு பள்ளம், அதற்குள் செங்கல் வரிசைகள். பல இடங்களில் முழங்கால் உயரம்கூட இல்லை. என் மகள் ஏழாவது படிக்கிறாள். "இவ்வளவுதானாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஊருக்குப் போன இடத்தில் தாத்தா கட்டிய வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. அண்ணன் விற்றுவிடலாம் என்கிறார். அக்கா அழுகிறார். அங்கே யாரும் குடியில்லை, ஓடு சரிந்துகொண்டிருக்கிறது. கொல்லையில் ஒரு கிணறு இருக்கிறது. தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் கோடையில் அதில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். இங்கே எனக்கு அடுக்குமாடி வீட்டுக் கடன், மாதம் 48,000, இன்னும் 13 வருடம்.

கங்கை வரை படை அனுப்பியவர் வீட்டுக்கே இந்தக் கதி என்றால், நான் மாதாமாதம் கட்டி எதைக் காப்பாற்றுகிறேன்? என் மனைவி இதை மயான வைராக்கியம் என்கிறாள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றாள். ஐந்து வாரம் ஆகிவிட்டது. அலுவலகத்தில் ஊதிய உயர்வு பற்றி மேலாளர் பேசும்போது எனக்குச் செங்கல்தான் தெரிகிறது. அண்ணனிடம் என்ன சொல்வது என்றும் புரியவில்லை. நீங்கள் அந்த இடத்துக்குப் பலமுறை போனதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அங்கே என்ன தோன்றியது?

அன்புடன்,
ஒரு வாசகர், மேடவாக்கம்


அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்துதான் பதில் எழுத உட்கார்ந்தேன். உடனே எழுதியிருந்தால் எல்லோரும் சொல்வதையே சொல்லியிருப்பேன்: எதுவும் நிலையில்லை, ஆனாலும் கடமையைச் செய்ய வேண்டும் என்று. அது உங்கள் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் ஆகாது.

நான் மாளிகைமேட்டுக்கு முதலில் போனது 1994-ல். அப்போது மேட்டில் பாதி இடம் முள்செடி. ஒரு பையன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். தரையில் கிடந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, "இது ராஜா காலத்து ஓடு" என்று என்னிடம் காட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே போட்டான். ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பஸ்ஸில் சென்னை வந்து சேரும் வரை நீங்கள் நினைத்ததையேதான் நானும் நினைத்துக்கொண்டு வந்தேன். இவ்வளவுதானா. அந்த வயதில் அந்த நினைப்பில் ஒரு சுகம்கூட இருந்தது. கையில் ஒன்றும் இல்லாதவனுக்கு, எல்லாம் இருந்தவனும் ஒன்றுமில்லாமல் போனான் என்பது ஆறுதல்தானே.

இரண்டாவது முறை போனபோது வேறு மாதிரி பார்த்தேன். அதற்கு இடையில் என் வீட்டில் ஒன்று நடந்திருந்தது. அதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

அப்பா தபால் துறையில் எழுத்தர். 1995-ல் ஓய்வு பெற்றார். கைக்கு வந்த பணத்தில் 1,80,000 ரூபாயை மாம்பலத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். பெயர் வேண்டாம். அந்த வருடங்களில் சென்னையில் அப்படித் தெருவுக்குத் தெரு இருந்தன, அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவு மூடின. அப்பா போட்ட இடம் 1998-ல் மூடியது. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்ற கூட்டத்தில் அவரும் நின்றார். கூட்டம் கலைந்த பிறகும் இரண்டு வருடம், மாதம் ஒரு தடவை சைதாப்பேட்டையிலிருந்து நடந்தே போய் அந்தக் கதவைப் பார்த்துவிட்டு வருவார். வைப்புச் சான்றிதழ் பீரோவில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அவர் காலமான பிறகு நான்தான் அதை எடுத்தேன்.

அந்த நாட்களில் சொந்தக்காரர் ஒருவர் வந்து ஆறுதலாக, "செல்வம் நிலையில்லாதது, விடுங்க" என்றார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அவர் போன பிறகு அம்மாவிடம் சொன்னார்: "நிலையில்லாம போகல. எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

இந்த ஒரு பேச்சை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் பார்த்த பள்ளத்துக்குத் திரும்பிப் போவோம்.

முதலாம் இராசேந்திர சோழன் ஆண்டது 1014 முதல் 1044 வரை. கங்கை வரை போய் வந்த வெற்றிக்காக எழுப்பிய தலைநகரம் அது. 1025-ல் கடாரத்துக்கு, அதாவது இன்றைய மலேசியாவில் இருக்கும் கெடாவுக்கு, கடற்படை போனது. சோழர் வரிசையில் கடைசியாகத் தெரிகிற மூன்றாம் இராசேந்திரனின் காலம் 1279-ல் முடிகிறது. அதாவது அந்த ஊர் ஏறத்தாழ 250 வருடம் தலைநகரமாக இருந்திருக்கிறது. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள். ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றது 1639-ல். அன்றிலிருந்து இன்று வரை இன்னும் 400 வருடம் ஆகவில்லை. 250 வருடம் என்றால் பத்துத் தலைமுறை. பத்துத் தலைமுறை பிறந்து, கல்யாணம் செய்து, வரி கட்டி, சண்டை போட்டு, செத்துப்போன ஊர். "இவ்வளவுதானா" என்று அதைக் கேட்க முடியாது.

அரண்மனையின் ஒரு பகுதிக்குச் சோழகேரளன் திருமாளிகை என்று பெயர் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-லிருந்து அங்கே அகழ்ந்திருக்கிறது. கிடைத்தவை செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், தந்தத்தில் செய்த பொருட்கள், சீனப் பீங்கான் உடைசல்கள். கோயிலைக் கல்லில் கட்டினார்கள், தாங்கள் இருக்கும் வீட்டைச் செங்கல்லிலும் மரத்திலும் ஓட்டிலும் கட்டினார்கள். சாமிக்குக் கல், மனிதனுக்குச் செங்கல் என்பது அன்றைய வழக்கம். நீங்கள் பார்த்த அந்த முழங்கால் உயரச் சுவர் பலமாகக் கட்ட முடியாமல் விழுந்ததல்ல. அதற்கு அந்த ஆயுள்தான் என்று கட்டியவர்களுக்கே தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மரம் மட்கிப் போகும். செங்கல் எங்கே போனது? இரண்டாவது முறை போனபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் வீட்டுச் சுவரைக் காட்டினார். பூச்சு உதிர்ந்த இடத்தில் மெல்லிய, அகலமான பழைய செங்கல். "எங்க தாத்தா தோண்டி எடுத்து வந்தது" என்றார். அவர் குரலில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. அரண்மனை மண்ணோடு மண்ணாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் ஒரு பங்கு பக்கத்துத் தெருவில் வீடாக நிற்கிறது, உள்ளே அடுப்பு எரிகிறது.

இப்போது கோயில் மதில். இது எனக்கு ஆறாத விஷயம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நீங்கள் கோயிலைச் சுற்றி வந்தபோது மதில் குறைபட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆயிரம் வருட வெயிலிலும் மழையிலும் கரைந்ததில்லை. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கல் வேண்டியிருந்தது. ஆங்கிலேய அரசின் ஆட்கள் இந்த மதிலை ஏறக்குறைய முழுதாகப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். சிற்பங்களும் சேர்ந்து போயின. ஊர் சனங்கள் தடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்தது தண்டனை. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னார்கள், கட்டித் தரவில்லை. அந்த நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

காலம் அழித்தது என்று நாம் சொல்லும்போது இப்படி எத்தனை பேர் தப்பித்துப் போகிறார்கள். அப்பா சொன்னது எனக்கு அந்த இடத்தில்தான் முழுதாகப் புரிந்தது. எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். யார், எப்போது, எதற்காக என்று தேதியோடு சொல்ல முடிகிற அழிவை விதியின் தலையில் போடக் கூடாது.

சரி, அந்தக் கற்கள் போன இடத்தைப் பாருங்கள். கீழணை என்பது அணைக்கரை. நீங்கள் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து கும்பகோணம் போகும் வழியில் கொள்ளிடத்தைக் கடந்திருப்பீர்களே, அந்த இடம்தான். அங்கே தேக்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணம் முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. வீரநாராயணன் என்பது அவனுடைய பட்டப் பெயர். 2004-லிருந்து அந்த ஏரியின் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஓடி சென்னைக்குக் குடிக்க வருகிறது. மேடவாக்கத்தில் உங்களுக்கு லாரித் தண்ணீராக இருக்கலாம். சைதாப்பேட்டையில் என் வீட்டுக் குழாயில் வருவதில் வீராணமும் கலந்துதான் வருகிறது. காலையில் நான் காபிக்குத் தண்ணீர் பிடிக்கும்போது, பராந்தகன் காலத்து ஏரியும் இராசேந்திரன் கோயில் மதிலைப் பெயர்த்துக் கட்டிய அணையும் அந்தக் குழாய்க்குப் பின்னால் இருக்கின்றன.

இதைச் சொல்வதால் மதிலை இடித்தது சரி என்று ஆகாது. ஊரார் தண்டனை பட்டது பட்டதுதான். ஆனால் அந்தக் கற்கள் இல்லாமல் போய்விட்டன என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

இராசேந்திரனும் தண்ணீர் என்றால் என்னவென்று தெரிந்தவன். கங்கை நீரைக் கொண்டுவந்து, வெற்றித் தூணாகக் கல்லை நடாமல் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. இப்போது பொன்னேரி என்கிறார்கள். அதன் கரை 16 மைல் நீளம் என்று 19-ஆம் நூற்றாண்டில் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், அப்போதே உள்ளே காடு மண்டிக் கிடந்தது. ஏரியும் தானாக நிற்காது. வரத்துக் கால்வாயைத் தூர் வார ஆள் வேண்டும்.

இந்த 'ஆள்' என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தக் காலத்தில் கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் என்ன செய்தார்கள் தெரியுமா? நெய்யாகக் கொடுக்கவில்லை.  பெரும்பாலும் ஆடு கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆடு இல்லையென்றால் 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றை ஒரு இடையர் ஏற்றுக்கொள்வார். நாள் ஒன்றுக்கு ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். பாலில் மிச்சமும் பெருகும் குட்டியும் அவர் பாடு. கல்வெட்டில் இருப்பது ஆட்டைக் கொடுத்தவர் பெயர் மட்டும் இல்லை. ஏற்றுக்கொண்ட இடையர் பெயரும், அவருக்காகப் பொறுப்பு நிற்கும் உறவினர் பெயரும் இருக்கும்.

அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு.

முதல் தடவை இதைப் படித்தபோது நான் நம்பாமல் திரும்பப் படித்தேன். ஆடு சாகும் என்று இடையருக்குத் தெரியாதா? நோய் வந்தால் ஒரே மழையில் பாதி மந்தை போய்விடும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அரசருக்கும் தெரியும், கல்வெட்டு எழுதிய தச்சருக்கும் தெரியும். தெரிந்துதான் அப்படி எழுதினார்கள். ஒரு ஆடு செத்தால் ஒரு குட்டியை அந்த இடத்துக்குக் கொண்டுவா, எண்ணிக்கை 96 இருக்கட்டும், அப்போது அது சாகாத மந்தை. சாகாமை என்பது ஆட்டிடம் இல்லை, மேய்ப்பவர் தினமும் எழுந்து செய்யும் வேலையில் இருக்கிறது. செல்வத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யோசித்தவர்களை நான் அறியேன். நாம் பீரோவில் வைத்த சான்றிதழைச் செல்வம் என்கிறோம். அவர்கள் மேய்ந்துகொண்டிருக்கும் மந்தையைச் செல்வம் என்றார்கள்.

இதைப் பார்க்கத் தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. நம் திருவொற்றியூர் கோயிலிலேயே விளக்குக்கு ஆடு விட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்தக் கோயிலின், பின்பக்கம் அரைவட்டமாக வளைந்த விமானம் கல்லில் எழுந்ததும் இதே இராசேந்திரன் காலத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு போங்கள். எழுத்து அவளுக்குப் புரியாது, ஆனால் தடவிப் பார்க்கும் உயரத்தில் இருக்கிறது.

அப்புறம், பல கல்வெட்டுகளின் முடிவில் வரும் ஒரு தொடர். "இத்தர்மம் ரக்ஷித்தார் ஸ்ரீபாதம் என் தலைமேலன." இதைக் காப்பாற்றுகிறவர்களின் பாதங்கள் என் தலை மேல். எத்தனை பேர் இந்தத் தொடரின் மேல் கை வைத்துக்கொண்டு நின்று போட்டோ எடுக்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல். கொடுத்தவர், தான் செத்துப் பல நூறு வருடம் கழித்து வரப்போகிற, முகம் தெரியாத யாரோ ஒருவரின் காலைத் தன் தலையில் வைத்துக்கொள்கிறார். தன் பொருள் தன் கையில் நிற்காது என்று அவருக்கு ஐயமே இல்லை. அதனால் அவருக்கு வைராக்கியம் வந்து ஒதுங்கிவிடவில்லை. வரப்போகிறவரைக் கும்பிட்டார்.

அந்த விளக்குகளும் அணைந்துதான் போயின. சந்திரனும் சூரியனும் உள்ள வரை என்று எழுதினார்கள். சந்திரனும் சூரியனும் இருக்கின்றன, நெய் அளக்க யாரும் வருவதில்லை. உங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக இதை நான் மறைக்க மாட்டேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1216-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழ நாட்டின் மேல் படையெடுத்தான். தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரித்து, மாடமும் மாளிகையும் மண்டபமும் இடித்து, கழுதை பூட்டி உழுது கவடி விதைத்ததாகத் தன் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டில் பொறித்த தன் புகழ்ப் பாட்டில், தானே சொல்லிக்கொள்கிறான். அடுத்தவர் வீட்டை இடித்ததை இத்தனை விவரமாகக் கல்லில் எழுதியவன் அவன். ஆனால் அவ்வளவு அழிவிலும் அவன் ஒன்றைத் தொடவில்லை. சங்க காலத்தில் ஒரு புலவர் தன் பாட்டுக்குப் பரிசாகப் பெற்ற பதினாறு கால் மண்டபத்தை மட்டும் விட்டுவைத்தான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் ஒன்று சொல்கிறது. சோழர் தமக்கென்று கட்டியதெல்லாம் போயிற்று, ஒரு புலவருக்கு என்றோ கொடுத்தது எதிரியின் கையிலும் தப்பியது. அந்தப் பாண்டியரின் மதுரைக்கே 1311-ல் தில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை வந்தது.

சென்னையிலும் ஒரு இடம் சொல்கிறேன். மாலையில் கடற்கரைக்குப் போகிறீர்கள் என்றால், சாலைக்கு இந்தப் பக்கம் சேப்பாக்கம் அரண்மனை. ஆற்காட்டு நவாப் வாலாஜா 1768-ல் கட்டியது. அவர் கடன் வாங்கி வாங்கி, அந்தக் கடன் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் 1785-ல் பெரிய விவாதமே ஆனது. கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பால் பென்ஃபீல்ட். அந்த அரண்மனையைக் கட்டியதிலும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். நவாபின் கடனால் பெரும் பணக்காரரான அவர் 1810-ல் பாரிசில் வறுமையில் இறந்தார். நவாபின் வழியில் வாரிசு இல்லை என்று சொல்லி 1859-ல் அரண்மனையை ஏலம் விட்டார்கள், அரசே வாங்கிக்கொண்டது. வாங்கினவர், கொடுத்தவர் இருவர் கையிலும் ஒன்றும் நிற்கவில்லை. கட்டடத்தின் ஒரு பகுதியான கலச மகால் 2012-ல் தீப்பிடித்து எரிந்தது, பிறகு நன்றாகச் சீர்செய்தார்கள். இன்று அங்கே பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பு வழக்குகளை நவாபின் மாளிகையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒரு கட்டடத்துக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்காது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மாதம் 48,000 கட்டி எதைக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேட்டீர்கள். உங்கள் மகள் படித்து, தூங்கி, சளி பிடித்துப் படுத்து, தோழிகளோடு சிரிக்க ஒரு இடத்தைக் காப்பாற்றுகிறீர்கள். அது ஆயிரம் வருடம் நிற்க வேண்டியதில்லை. அவள் வளர்ந்து வெளியே போகும் வரை நின்றால் போதும். இராசேந்திரனின் பிள்ளைகளுக்கும் அந்தச் செங்கல் வீடு அதைத்தானே செய்திருக்கும்? தவணையைக் கட்டுங்கள். ஊதிய உயர்வு பற்றிப் பேசும்போது கவனமாகக் கேளுங்கள், உங்கள் உழைப்புக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். இடிபாட்டைப் பார்த்தவர் சம்பளம் கேட்கக் கூடாது என்று எந்தக் கல்லிலும் எழுதியிருக்கவில்லை. உங்கள் மனைவி சொன்ன மயான வைராக்கியம் என்ற சொல்லைத் தள்ளிவிடாதீர்கள், அவருக்குக் கவலை இருக்கிறது. ஐந்து வாரமாக எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதில் மாளிகைமேட்டுக்கு ஒரு பங்கும், அப்பா போன துக்கத்துக்குப் பெரிய பங்கும் இருக்கும். திதி முடிந்தால் துக்கம் முடிந்தது என்று இல்லை. அப்பாவைப் பற்றி யாரிடமாவது உட்கார்ந்து பேசுங்கள். அக்காவிடமே பேசலாம்.

ஊர் வீட்டைப் பொறுத்தவரை, அண்ணன் சொல்வதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். யாரும் விளக்கேற்றாத, ஓடு மாற்றாத வீட்டை வைத்துக்கொண்டு தாத்தாவைக் காப்பாற்றுவதாக நினைப்பது மந்தை இல்லாமல் பட்டியைக் காப்பதுபோல. உங்களில் ஒருவர் வருடத்தில் சில மாதமாவது அங்கே இருக்க முடியும் என்றால் வையுங்கள். முடியாது என்றால், அதில் குடியிருக்கப் போகிற யாருக்காவது விற்றுவிடுங்கள். அக்கா அழுவது வீட்டுக்காக மட்டும் இல்லை. விற்பதற்கு முன்னால் மூன்று பேரும் நாலு நாள் அங்கே போய்ச் சேர்ந்து இருங்கள், அந்த வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள். பேச வேண்டியதெல்லாம் அப்போது வந்துவிடும்.

ஆனால் கிணறு. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தக் காலத்தில் நிலத்தை விற்றாலும் தானம் கொடுத்தாலும், 'மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்' என்று தனியாகச் சொல்லி எழுதுவார்கள். கிணறு நிலத்தோடு சும்மா ஒட்டிக்கொண்டு போகக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் தாத்தா வெட்டியதில் வீடு சரிகிறது, கிணறு நாலு குடும்பத்துக்கு இன்னும் தண்ணீர் கொடுக்கிறது. விற்றால், வாங்குகிறவர் முதல் வேலையாக வேலி போட்டு, கிணற்றை மூடி, அதன் மேல் கார் நிறுத்த இடம் போடலாம். கிரயப் பத்திரம் எழுதும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். அந்த நாலு வீட்டுக்காரர்கள் தண்ணீர் எடுக்கும் உரிமையையும், கொல்லைப் பக்கம் அவர்கள் வந்து போகும் வழியையும் பத்திரத்திலேயே எழுத முடியுமா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் கிணறு இருக்கும் துண்டு நிலத்தை மட்டும் தனியாகப் பிரித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். விலையில் கொஞ்சம் குறையும். அண்ணன் ஒத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை, கேட்டுப் பாருங்கள். கோடைக்கு முன்னால் ஒரு தடவை தூர் வாரவும் ஆள் பார்க்க வேண்டியிருக்கும், அந்த நாலு வீட்டில் யார் அதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று விசாரித்து, அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
சைதாப்பேட்டையிலிருந்து